துண்டுச்சீட்டில் வந்த கேள்விக்கு

செம்மங்குப்பம் மகளிர் குழுக்களின் அக்கா, தங்கச்சிகளுக்கு,

போன மாதக் கூட்டம் முடிந்து, சிதம்பரம் பஸ்ஸைப் பிடித்து வீடு வந்து சேரும்போது மணி ஏழாகிவிட்டது. கழுவிப் போடலாமென்று பையிலிருந்து டிபன் டப்பாவை எடுத்தேன். அதன் அடியில் நாலாக மடித்த ஒரு தாள். தவணை எழுதும் கோடு போட்ட நோட்டிலிருந்து கிழித்தது. பென்சிலில் எழுதியிருந்தது: "எங்க வீட்ல ஒருத்தருக்கு இருக்கிறது நோயா, குணமா? நோய்னா பொறுத்துக்கிறேன். குணம்னா என்ன பண்றது?"

எழுதியது யாரென்று தெரியாது. கையெழுத்தை வைத்துத் தேட மாட்டேன். நீங்களும் தேடாதீர்கள். ஒரு வீட்டுக்கு எழுத வேண்டிய பதிலை எல்லோருக்குமாக எழுதுவது அதனால்தான். இன்னொரு காரணமும் உண்டு. அன்றைக்கு வந்திருந்த முகங்களை ஒவ்வொன்றாக நினைத்துப் பார்த்தேன். இந்தக் கேள்வியை இவர் எழுதியிருக்கவே முடியாது என்று ஒருவரையும் ஒதுக்க முடியவில்லை.

அரசு மருத்துவமனை ஒன்றின் மனநலப் பிரிவில் பல வருடம் செவிலியராக இருந்தவள் நான். இதே கேள்வியை வார்டு வராந்தாவில் எத்தனையோ பேர் கேட்டிருக்கிறார்கள். தாய்மார், மனைவிமார், அண்ணன் தம்பிகள். அப்போதெல்லாம் ஒரு வரியில் எதையாவது சொல்லி அனுப்பியிருக்கிறேன். அந்தக் கடனும் சேர்ந்துதான் இந்த மடல்.

முதலில் கேள்வியின் முதல் பாதி.

ஆளுமைக் கோளாறு என்று மருத்துவத்தில் ஒன்று உண்டு. காய்ச்சல் போல வந்து போவதில்லை. ஒருவர் தன்னை எப்படிப் பார்க்கிறார், பிறரை எப்படிப் புரிந்துகொள்கிறார், கோபத்தையும் பயத்தையும் எப்படித் தாங்குகிறார் என்பதிலேயே ஒரு கோணல் விழுந்து, அது இளம் வயதிலிருந்தே தொடர்ந்து, வீட்டிலும் வேலையிலும் நட்பிலும் ஒரே மாதிரி வெளிப்பட்டால் அதைத்தான் அப்படிச் சொல்கிறார்கள். ஜெர்மானிய மனநல மருத்துவர் குர்ட் ஷ்னைடர் 1923இல் இதற்கு ஓர் அளவுகோல் வைத்தார்: அந்த இயல்பால் அவர் தானே துன்பப்பட வேண்டும், அல்லது சுற்றியிருப்பவர்கள் துன்பப்பட வேண்டும். நூறு வருடம் கழித்தும் அந்த அளவுகோல் எனக்கு உதவியிருக்கிறது. கூச்சப்படுகிறவர், கறாரானவர், கோபக்காரர் எல்லோரும் நோயாளி ஆகிவிட மாட்டார்கள்.

காலமும் முக்கியம். இரண்டு வருடமாவது நீடித்திருக்கிறதா என்று உலக சுகாதார நிறுவனத்தின் வகைப்பாடு பார்க்கச் சொல்கிறது. உங்கள் பகுதிக்கு இது மிகவும் வேண்டிய எச்சரிக்கை. 2004 டிசம்பர் 26 சுனாமிக்குப் பிறகு தேவனாம்பட்டினம் பக்கமிருந்து வந்த ஆண்களில் சிலர் மாறிப்போய் இருந்தார்கள். முன்பு அதிர்ந்து பேசாதவர் தட்டை எறிந்தார். 2011 டிசம்பர் 30 'தானே' புயலில் முந்திரியும் பலாவும் வேரோடு சாய்ந்த பிறகும் அதே போல் பார்த்தோம். 2025 ஜூலை 8 காலை உங்கள் ஊர் ரயில்வே கேட்டில் பள்ளி வேன்மீது ரயில் மோதி மூன்று பிள்ளைகள் போனார்கள். அந்த மாதிரி ஓர் இழப்புக்குப் பிறகு ஒருவர் எரிந்து விழுந்தாலோ, யாரையும் நம்பாமல் போனாலோ, அது துக்கம். "இவங்க குணமே இப்படித்தான்" என்று அதன்மேல் முத்திரை குத்துவது பெரிய அநியாயம்.

இன்னொன்று. நாற்பது வருடம் நல்லபடியாக வாழ்ந்த மனுஷர் திடீரென்று மாறினால், அது குணமும் இல்லை, ஆளுமைக் கோளாறும் இல்லை. தைராய்டாக இருக்கலாம், தலையில் பட்ட அடியாக இருக்கலாம், மனச்சோர்வாக இருக்கலாம், குடியாக இருக்கலாம். எழுபது வயது மாமியார், "என் சங்கிலியை மருமக எடுத்துட்டா" என்று புதிதாகச் சொல்லத் தொடங்கினால் தயவுசெய்து சண்டைக்குப் போகாதீர்கள். வைத்த இடம் மறந்துபோய், மறந்ததும் மறந்துபோய், அந்த ஓட்டையை மனசு ஒரு திருடியை வைத்து அடைக்கிறது. அது மறதி நோயின் தொடக்கமாக இருக்கக்கூடும். இப்படிப் பத்து வருடமாகப் பேச்சு வார்த்தை நின்றுபோன இரண்டு குடும்பங்களை எனக்குத் தெரியும்.

இப்போதெல்லாம் போனில் வீடியோ பார்த்துவிட்டு, "எங்க வீட்டுக்காரர் நார்சிசிஸ்ட், நாத்தனார் பார்டர்லைன்" என்று வந்து சொல்கிறார்கள். அமெரிக்கக் கையேடு 2013 பதிப்பில் பத்து வகை சொல்கிறது. உலக சுகாதார நிறுவனமோ 2022இல் நடைமுறைக்கு வந்த தன் புதிய வகைப்பாட்டில் அந்தப் பழைய வகைகளை எடுத்துவிட்டது. லேசானதா, நடுத்தரமா, கடுமையானதா என்றுதான் முதலில் கேட்கிறது. கற்றுத் தேர்ந்த மருத்துவர்களே பெயர் வைப்பதில் இவ்வளவு தயங்கும்போது, அஞ்சு நிமிட வீடியோவை நம்பி நீங்கள் பெயர் வைக்காதீர்கள். "சைக்கோ" என்ற சொல்லையும் விட்டுவிடுங்கள். ஏன் என்று சொல்கிறேன். இது என் தவறைப் பற்றியது.

வார்டுக்கு ஒரு பெண் அடிக்கடி வருவாள். இருபத்திரண்டு வயது இருக்கும். ஒவ்வொரு முறையும் தன்னைத்தானே காயப்படுத்திக்கொண்டு வருவாள். காலையில் என்னை "அம்மா" என்பாள். மதியம் நான் வேறு நோயாளியிடம் கொஞ்ச நேரம் நின்றுவிட்டால், "நீயும் மத்தவங்க மாதிரிதான்" என்று மூஞ்சியைத் திருப்பிக்கொள்வாள். மருந்து ஊற்றிக் கட்டுப் போடும்போது நாங்கள் எங்களுக்குள், "நடிக்கிறா, கவனிக்கணும்னு பண்றா" என்று பேசிக்கொள்வோம். அவள் காதில் விழும்படியே பேசியிருக்கிறோம். நானும்தான்.

பல வருடம் கழித்து ஒரு பயிற்சியில் மார்ஷா லினஹான் என்ற அமெரிக்க உளவியலாளரைப் பற்றிச் சொன்னார்கள். கைவிடப்பட்டுவிடுவோமோ என்ற பயத்தில் துடித்துத் தங்களையே வருத்திக்கொள்கிறவர்களுக்கென்று ஒரு பேச்சு சிகிச்சையை உருவாக்கி 1993இல் நூலாக வெளியிட்டவர். 2011இல், தன் இளம் வயதில் தானே அப்படி ஒரு நோயாளியாக மருத்துவமனையில் அடைபட்டுக் கிடந்ததை வெளியே சொன்னார். தோல் உரிந்த இடத்தில் காற்றுப் பட்டாலும் எரியுமே, மனசே அப்படி இருக்கிறவர்கள் இவர்கள் என்று அன்றைக்குத்தான் எனக்கு உறைத்தது. அந்தப் பெண் என்னைப் பிடித்து இழுத்தது தந்திரத்தால் இல்லை. முழுகுகிறவள் கையில் கிடைத்ததைப் பிடிக்கிற மாதிரிதான் அது. இப்படிப்பட்டவர்களில் பலர், சரியான துணை கிடைத்தால், வருடங்கள் போகப் போகத் தணிந்து நிலைக்கு வருகிறார்கள். அவளுக்கு அந்தத் துணை கிடைத்ததா என்று எனக்குத் தெரியாது. ஒரு கட்டத்துக்குப் பிறகு அவள் வரவில்லை.

ஆகவே ஆளுமைக் கோளாறு உள்ளவர் என்றால் பிறரை ஏய்க்கிறவர் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. அவர்களில் நிறைய பேர் யாரைவிடவும் தங்களைத்தான் அதிகம் வதைத்துக்கொள்கிறார்கள். அதே போல, நம்மைச் சுற்றி வளைத்து ஏய்க்கிறவர்களில் பலருக்கு மருத்துவர் பெயர் வைக்கும் எந்தக் கோளாறும் இருக்காது. இந்த இரண்டையும் பிரித்துப் பார்க்காமல்தான் "நோய்னா பொறுத்துக்கிறேன்" என்று எழுத நேர்கிறது.

ஏய்ப்பு எப்படி நடக்கும் என்பதைச் சொல்ல நான் வேறெங்கும் போக வேண்டியதில்லை. மகளிர் குழுவிலேயே பார்த்திருக்கிறேன். உங்கள் ஊர்க் குழு இல்லை. எந்த ஊர் என்றும் சொல்லமாட்டேன்.

அந்தக் குழுவில் ஒரு பெண். நல்ல பேச்சு. யாருக்குப் பிரசவம் என்றாலும் முதல் ஆளாக ஆஸ்பத்திரியில் நிற்பாள். பாங்கியில் ஃபாரம் எழுதித் தருவாள். ஒரு வருடம் இப்படிப் போயிற்று. பிறகு ஒரு விதவையிடம் தனியாகப் போய், "உன் பேர்ல லோன் எடுத்துக் குடு, டியூ நான் கட்டிடறேன். உன்னை மட்டும்தான் நம்பறேன். மத்தவங்ககிட்ட சொல்லாதே, பொறாமைப்படுவாங்க" என்றாள். பிரசவத்துக்கு நின்றவளுக்கு எப்படி மறுப்பது? கையெழுத்துப் போட்டாள் அந்த அம்மா. அதே வார்த்தையை அதே மாதத்தில் இன்னும் நான்கு பேரிடம் சொல்லியிருக்கிறாள் என்று அப்போது ஒருவருக்கும் தெரியாது.

நாலு தவணை ஒழுங்காக வந்தது. ஐந்தாவதில் அழுகை. புருஷன் அடித்ததாகச் சொன்னாள். ஆறாவதில் கோபம்: "இவ்ளோ செஞ்சேனே, ஒரு மாசம் பொறுக்க முடியலையா?" ஏழாவதில்தான் வந்தது உச்சம். விதவை அம்மா கேட்டதும், "நான் எப்பக்கா உன்கிட்ட வாங்கினேன்? உன் பையனுக்கு வண்டி வாங்கத்தானே நீ எடுத்தே? புருஷன் போனதிலேர்ந்து உனக்கு எல்லாமே மறந்து போவுது" என்றாள். அதோடு நிற்கவில்லை. "பாவம், அந்த அக்காவுக்கு மனசு சரியில்ல" என்று மற்றவர்களிடம் பரப்பிவிட்டாள். அந்த அம்மா என்னிடம் வந்து கேட்டது பணத்தைப் பற்றி இல்லை. "எனக்கு நிஜமாவே மறதி வந்துடுச்சாம்மா, டாக்டர்கிட்ட போவணுமா?" என்றுதான்.

1938இல் இங்கிலாந்தில் மேடையேறிய ஒரு நாடகத்தில், மனைவி கண்ணெதிரே விளக்கு மங்கும். அவள் புத்தி பேதலித்துவிட்டதென்று கணவன் அவளையே நம்பவைக்கப் பார்ப்பான். பாட்ரிக் ஹாமில்டன் எழுதிய 'காஸ் லைட்' என்ற நாடகம் அது. அந்த நாடகத்தின் பெயரை வைத்துத்தான் இந்த வகை ஏய்ப்பையே இன்று உலகம் அழைக்கிறது. காஸ் லைட் எரியாத ஊரிலும் அது அப்படியே நடந்தது.

கடன் எடுக்கவைத்த அந்தப் பெண்ணுக்கு ஆளுமைக் கோளாறு இருந்ததா? எனக்குத் தெரியாது. தெரிந்திருந்தாலும் அந்த ஐந்து பேரின் கடன் ஒரு ரூபாய்கூடக் குறைந்திருக்காது. அவர்களைக் காப்பாற்றியது வேறு. ஐந்து பேரும் ஒருவரையொருவர் பார்த்துப் பேசியதுதான். சாதாரணமாக ஒருநாள் தண்ணீர்க் குழாயடியில் ஒருத்தி வாயைத் திறந்தாள். "உன்கிட்டயும் அப்படியா சொன்னா?" அந்த நொடியில் பாதி கட்டு அவிழ்ந்துவிட்டது. ஏனென்றால் அந்த ஏற்பாடு முழுவதும் "மத்தவங்ககிட்ட சொல்லாதே" என்ற ஒரே ஆணியில் தொங்கிக்கொண்டிருந்தது.

பிறகு அவர்கள் சில காரியம் செய்தார்கள். கடனைப் பற்றிய பேச்சு கூட்டத்தில் மட்டுமே, தீர்மான நோட்டில் எழுதி, எல்லோரும் கையெழுத்திட்டு. அவள் வீட்டுக்குப் போவதென்றால் இரண்டு பேராகப் போவது. அவள் அழுதால் தண்ணீர் கொடுத்து உட்காரவைப்பது, அழுகை அடங்கியதும் அதே கேள்வியை அதே வார்த்தையில் கேட்பது. பழையதை எடுத்து அவள் வாதாடினால் வாதாடுவதில்லை. "அது இருக்கட்டும், இந்த மாசத் தவணை எப்ப தருவே?" அவ்வளவுதான். அவளை ஊரில் திட்டவில்லை, குழுவைவிட்டுத் துரத்தவும் இல்லை. முழுப் பணமும் திரும்பவில்லை, ஆனால் பெரும்பகுதி வந்தது. விதவை அம்மா மறதிக்கு டாக்டரைப் பார்க்கவே இல்லை. தேவைப்படவில்லை.

நம் மாநிலத்தில் மகளிர் குழு 1989இல் தர்மபுரியில் தொடங்கியது. வட்டிக்காரன் வீட்டு வாசலில் தனியாக நின்ற பெண், பத்துப் பன்னிரண்டு பேரோடு சேர்ந்து பாங்கிக்குள் நுழைந்தாள். ஒருத்தி கட்டாவிட்டால் மற்றவர்கள் கேட்பார்கள் என்பதுதான் அதன் பலம். அந்தப் பலத்தையே ஏய்க்கிறவர் நெருக்கடியாக மாற்றிவிடலாம். வசூலுக்கு வருகிறவர்கள் ராத்திரி எட்டு மணிக்கு எல்லோரையும் ஒரு வீட்டு வாசலில் உட்காரவைத்து அவமானப்படுத்துவதும் அதே வகைதான். வலுக்கட்டாய வசூலைத் தடுக்க 2025இல் நம் மாநிலத்தில் சட்டம் வந்திருக்கிறது. அதையும் ஒரு கூட்டத்தில் படித்துப் பேசுங்கள்.

குழுவில் செய்தது வீட்டுக்குள் முடியுமா? முடியாது, அப்படியே முடியாது. அங்கே தீர்மான நோட்டு இல்லை. ஒரே அடுப்பு, ஒரே கூரை, பிள்ளைகள். துண்டுச்சீட்டு எழுதியவருக்கு இதுதான் பாடு என்று நினைக்கிறேன்.

வீட்டில் நம்மைக் கட்டிப்போடுவது கெட்ட நாட்கள் இல்லை. நல்ல நாட்கள்தான். பத்து நாள் வார்த்தையால் குத்திவிட்டுப் பதினோராம் நாள் பூவும் பிரியாணியுமாக வருவார். உடனே, "இவர் உள்ளுக்குள்ள நல்லவர்" என்று மனசு இளகும். ஸ்கின்னர் என்ற ஆய்வாளர் புறாக்களை வைத்துக் காட்டியிருக்கிறார்: எப்போதும் தீனி விழும் பொத்தானைவிட, எப்போது விழும் என்று தெரியாத பொத்தானைத்தான் புறா விடாமல் கொத்திக்கொண்டிருக்கும். கடலுக்குப் போகும் வீட்டுப் பெண்களுக்கு இதை விளக்க வேண்டாம். பத்து நாள் வெறும் வலை வந்தாலும் பதினோராம் நாள் நிறைந்ததை நினைத்துத்தானே மறுபடி படகைத் தள்ளுகிறார்கள். கடலில் அது பிழைப்பு. வீட்டில் அந்த நம்பிக்கையால் வருடங்கள் கரைகின்றன. அதனால் நல்ல நாளைத் தனியாக வைத்து எடை போடாதீர்கள். ஒரு மாதத்தை மொத்தமாகப் பாருங்கள். முடிந்தால் காலண்டரில் சின்னப் புள்ளி வையுங்கள். அந்தக் காலண்டரைப் பார்த்து உண்மையை ஏற்றுக்கொண்டவர்களை நான் அறிவேன்.

பேச்சைக் குறையுங்கள். விளக்கம் சொல்லச் சொல்ல, சொன்ன ஒவ்வொரு வார்த்தையும் அடுத்த சண்டைக்கு விறகாகும். "இது என்னால முடியாது" என்று சொன்னால் போதும். காரணம் கேட்டாலும் அதே வரி. செய்ய முடியாததைச் செய்வேன் என்று மிரட்டாதீர்கள். "அம்மா வீட்டுக்குப் போயிடுவேன்" என்று மூன்று முறை சொல்லிப் போகாமல் இருந்தால் நாலாவது முறை அந்தச் சொல்லுக்கு மதிப்பில்லை. பிள்ளைகளைத் தூது அனுப்பாதீர்கள், அவர் அனுப்பினாலும் தடுங்கள். அம்மாவோ தங்கையோ பக்கத்து வீட்டு அக்காவோ, ஒருவரோடாவது பேச்சுத் தொடர்பை விடாதீர்கள். ஏய்க்கிறவர் முதலில் அறுப்பது அந்தக் கயிற்றைத்தான்.

இதையெல்லாம் சொன்னாலும், கை ஓங்குகிற வீட்டில் இவை எதுவும் போதாது. அடி விழுகிற இடத்தில் சாமர்த்தியமாகப் பேசிப் பழகு என்று சொல்ல எனக்கு மனசு வராது. அங்கே பாதுகாப்புதான் முதல் வேலை.

நம் ஊரில் இதற்கெல்லாம் ஒரே மருந்தாக ஒரு சொல் வைத்திருக்கிறோம். "அனுசரிச்சுப் போ." என் அம்மா என்னிடம் சொன்னாள். நானும் வார்டில் பலரிடம் சொன்னேன். அனுசரிப்பது என்றால் இரண்டு பேர் ஆளுக்கு ஓர் அடி நகர்வது. ஒருத்தி மட்டும் நகர்ந்துகொண்டே போய்ச் சுவரில் முட்டி நிற்பதற்கு அந்தச் சொல்லைப் பயன்படுத்தியது எங்கள் தலைமுறை செய்த தவறு.

2005ஆம் ஆண்டின் குடும்ப வன்முறைப் பாதுகாப்புச் சட்டம் அடி உதையை மட்டும் வன்முறை என்று சொல்லவில்லை. இழிவுபடுத்திப் பேசுவது, மனசை நோகடிப்பது, கைச்செலவுக்கு விடாமல் பணத்தைப் பிடித்துவைப்பது எல்லாம் அதில் வருகிறது. மனைவிக்கு மட்டுமில்லை, அதே வீட்டில் வாழும் தாய்க்கும் சகோதரிக்கும் பொருந்தும். மாவட்டத்தில் பாதுகாப்பு அலுவலர் இருக்கிறார். 181 எண்ணில் அழைத்தால் வழி சொல்வார்கள். வதைப்பவர் நோயாளி என்று சீட்டு வைத்திருந்தாலும் இந்தச் சட்டம் உங்களைவிட்டுப் போய்விடாது. "நோய்னா பொறுத்துக்கிறேன்" என்றீர்களே, தங்கச்சி, நோய் என்றால் அவருக்கு வைத்தியம் வேண்டும். உங்கள் உடம்பு அதற்கு மருந்தாகாது.

வைத்தியம் எங்கே என்றால், கடலூர் அரசு தலைமை மருத்துவமனைக்கோ, அண்ணாமலை நகரில் உள்ள மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கோ போய் மனநலப் பிரிவைக் கேளுங்கள். போக முடியாதவர்கள் 14416 என்ற டெலி மானஸ் எண்ணில் எந்நேரமும் தமிழில் பேசலாம். 2022 அக்டோபரிலிருந்து இருக்கிறது, காசில்லை. ஆளுமைக் கோளாறை மாத்திரையால் மாற்ற முடியாது என்பதையும் தெரிந்து போங்கள். கூட இருக்கும் மனச்சோர்வுக்கும் பதற்றத்துக்கும் மாத்திரை உதவும். மற்றதெல்லாம் மாதக்கணக்கில் உட்கார்ந்து பேசும் சிகிச்சை. அதற்குப் பயின்றவர்கள் நம் பக்கம் போதுமான அளவு இல்லை என்பது நான் வெட்கத்தோடு சொல்லும் உண்மை. அவர் வர மறுத்தால் நீங்கள் மட்டும் போங்கள். பேசுவதற்கு நீங்கள் நோயாளியாக இருக்க வேண்டியதில்லை.

கோயிலுக்குக் கூட்டிப் போகலாமா என்று போன மாதக் கூட்டத்தில் ஒரு அக்கா கேட்டார். போங்கள், கூடவே இருங்கள், கூட்டிக்கொண்டு திரும்பி வாருங்கள். யாரையும் எங்கும் விட்டுவிட்டு வராதீர்கள். 2001 ஆகஸ்ட் 6 அன்று ஏர்வாடியில் மனநோயாளிகளை வைத்திருந்த கொட்டகை தீப்பிடித்தபோது, சங்கிலியில் இருந்ததால் ஓட முடியாமல் 28 பேர் கருகினார்கள். அவர்களில் பலரைக் குடும்பத்தாரே அங்கே கொண்டுவந்து விட்டிருந்தார்கள்.

அடுத்த கூட்டத்துக்கு நான் மதியமே வந்துவிடுவேன். பிரஷர் பார்க்கும் கருவி கொண்டுவருகிறேன். பால்வாடிக்குப் பின்னால் இருக்கிற சின்ன அறையைத் திறந்து வைக்கச் சொல்லுங்கள். ஒவ்வொருவராகத்தான் பார்ப்பேன், ஒருவருக்குக் கால் மணி நேரம், கதவைச் சாத்திக்கொண்டு. எல்லோரும் வாருங்கள், பிரஷர் இல்லாதவர்களும். ஒருத்தி விடாமல் எல்லோரும் உள்ளே வந்து போனால்தான், அந்தச் சீட்டை எழுதியவர் யாரென்று வெளியே நிற்பவர்களுக்குத் தெரியாமல் இருக்கும்.

அன்புடன்,
சிதம்பரத்திலிருந்து உங்கள் நர்ஸம்மா